குண்டுக்கு ஒரு முழம் மல்லி

ட்ரிங்... ட்ரிங்...!

கிருஷ்ணகிரி போலீஸ் ஸ்டேஷன். 2004, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை.

இன்ஸ்பெக்டர் பொற்கொடி ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்! பஸ் ஸ்டாண்டுல குண்டு!"

"வெடிச்சிருச்சா?"

"இல்ல மேடம்... பூ வெச்சிருக்கு!"

"என்னய்யா உளர்றே?"

உளறல் இல்லை!

பெங்களூர் பஸ் நிற்குமிடத்தில், தூணோரம், ஒரு பீரங்கிக் குண்டு. அதற்குச் சந்தனம், குங்குமம். மேலே ஒரு முழம் மல்லி!

கூட்டம் சிதறி ஓடியது. ஒருவர் மட்டும் ஓடவில்லை. குண்டின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். பூ விற்கும் கிருஷ்ணப்பன்!

"யோவ்! குண்டுக்கா பூ சாத்தினே?"

"அய்யோ தேவரே!" கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "பொட்டு இருந்துச்சுங்க மேடம்... யாரோ புதுசா சாமி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். நல்லா போனி ஆகணும்னு வேண்டிக்கிட்டேன்."

பத்தே நிமிடம். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. வந்துவிட்டார். மைக்கோடு!

"எதிரி நம்ம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டான்! ஆயுத உற்பத்தியை ரெண்டு மடங்கு ஆக்கணும்!"

பின்னாலேயே எதிர்க்கட்சி மாவட்டச் செயலாளர்.

"போதாது! மூணு மடங்கு!"

இருவருக்கும் நடுவில் கைகூப்பியபடி பரமசிவம். ஓசூரில் பீரங்கிக் குண்டு தயாரிக்கும் ஃபேக்டரியின் முதலாளி. பக்கத்தில் அவருடைய சூப்பர்வைசர் மணி, வியர்த்து வழிந்தபடி.

"மேடம், இந்தப் பூக்காரன் கன்னடம் பேசறான், தெலுங்கு பேசறான். உளவாளி!" என்றார் பரமசிவம்.

"இந்தப் பக்கம் பாதிப் பேரு அப்படித்தான் சார். எல்லாரையும் பிடிச்சா ஸ்டேஷன் பத்தாது."

ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது. கிருஷ்ணப்பனுக்கு விலங்கு மாட்டி, நாலு மணிக்குள் சென்னைக்கு அனுப்ப வேண்டும்! போனால் திரும்பி வருவது கடவுள் கையில்.

ஸ்டேஷனில் பொற்கொடி கிருஷ்ணப்பனின் விலங்கைக் கழற்றினாள். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாள்.

"கூடையில மிச்சப் பூ வாடிரும் மேடம். ஏதாச்சும் கோயிலுக்குக் கொடுத்துருங்க..."

வாக்குமூலம் கொடுக்க வந்து வாசலில் நின்றிருந்த மணி, அதைக் கேட்டதும் உடைந்து போனார்.

"மேடம்! அது எங்க ஃபேக்டரி குண்டு! நம்ம நாடும் எதிரி நாடும் பேச்சுவார்த்தைன்னு உக்காந்துட்டாங்க. ஆர்டர் நின்னுபோச்சு. ஜனங்க பயந்தாத்தான் ஆர்டர் வரும்னு, வெடிமருந்து அடைச்சு அங்க வைக்கச் சொன்னாரு முதலாளி!"

"அப்ப பொட்டு?"

"பூஜை பண்ணின கை மேடம்... வரிசையா எல்லா மெஷினுக்கும் வெச்சுட்டு வந்தேனா... இதுக்கும் வெச்சுட்டேன்!"

"மருந்து...?"

"கொழந்தைங்க நடமாடற இடம். மனசு வரலை. பூஜைப் பொரியை அடைச்சு மூடிட்டேன்."

சேலத்திலிருந்து வந்த வெடிகுண்டு நிபுணர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார்.

கொட்டியது... பொரி, கடலை, வெல்லம்!

பரமசிவம் லாக்கப்புக்குள். கிருஷ்ணப்பன் வெளியே. மணியின் கையை அவர் விடவேயில்லை.

அரை மணி நேரம். வாசலில் ஒரு கார்!

ஒரு கதவைத் திறந்து எம்.எல்.ஏ. மறு கதவைத் திறந்து மாவட்டச் செயலாளர். பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத இருவரும் தோள்மேல் கைபோட்டு வந்தார்கள்.

"பரமசிவத்தை விட்டுருங்க மேடம்!" ஒரே குரல். "எலெக்‌ஷன்னா எங்க ரெண்டு பேருக்குமே அவருதான் செலவு பண்றாரு..."

பொற்கொடி லாக்கப் பக்கம் திரும்பினாள்.

"பரமசிவம் சார்! குண்டு வித்து ஒரு சமாதானம் பண்ணி வெச்சுட்டீங்க! உள்ள இருந்தே கண்குளிரப் பாருங்க!"