நிற்காத சுற்று

வசந்தன் எழுதிய புரோகிராமில் நிழல் கிடையாது. சுவர் உண்டு, சுவருக்கு வர்ணம் உண்டு, தரைக்கு ஓடு உண்டு, ஜன்னலுக்குக் கம்பி உண்டு. நிழல் போடச் சொல்லி ஒரு வரிகூட அவன் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் கம்ப்யூட்டருக்குள் படம் வரைகிற அந்தக் கார்டுக்கு அது தெரியாது. ஆனாலும் திரையில், நடக்கிறவன் கண்போலப் பார்வை வீட்டின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி நகர்ந்து முன்பக்கம் திரும்புகிற இடத்தில், சரளைக் கல்லின்மேல் ஓர் ஆள் நின்றால் விழுகிற அளவுக்கு ஒரு கறுப்பு கிடந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டான். ஜெரெபுப் புகைமூட்டம் வந்ததிலிருந்து எல்லோருக்கும் கண் எரிச்சல்தான். கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிகிறது, புகை இங்கே வந்து குந்திக்கொண்டிருக்கிறது. நடுப்பகலிலேயே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ரம்புத்தான் மரம் மஞ்சள் பூத்த பழைய படம்போலத் தெரிந்தது. அதற்கப்பால் ரோடு இல்லை, மஸ்ஜித் தானா போகிற பஸ்ஸின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போனது. கதவிடுக்கில் ஈரத்துண்டு திணித்தும் கரிவாடை உள்ளே வந்தது. அதோடு மேசைமேல் பக்கத்தகடு கழற்றிவைத்த கம்ப்யூட்டரிலிருந்து சூடான தூசி வாடையும், மேசை விசிறியின் ஓயாத முனகலும்.

பாச்சாங்கில் அவன் வேலை செய்யும் ஆபீஸ், கட்டப்போகும் வீடுகளைக் கம்ப்யூட்டரில் காட்டுகிற ஆபீஸ். வாங்க வருகிறவர் திரைமுன் உட்கார்ந்தால் போதும், இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம். அதற்காக வாங்கிய புதுக் கார்டைச் சோதிக்கத்தான் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துவந்திருந்தான். கம்பெனிக்காரன் ஒரு வேகத்தைக் குறித்துத்தான் கார்டை விற்பான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் அதற்கு மேலும் ஓடும். அளவு மீறினால் படத்தில் பொட்டுப் பொட்டாகப் புள்ளி தெறிக்கும். அப்போது ஒரு படி இறக்கி, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப மணிக்கணக்காக ஓட விட வேண்டும். நடுவில் நின்றுபோகாவிட்டால் கார்டு தேறிவிட்டது.

காட்சிக்கு அவன் தன் வீட்டையே வரைந்திருந்தான். அங்குலம் அங்குலமாகத் தெரிந்த வீடு. வாசலில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, அறைக்குள் போனால் பார்வை திரும்பித்தான் வெளியே வர வேண்டும்; திரும்பினால் ஒரு குலுக்கல் விழும், சுற்று ஒட்டாது. அதனால் அறையின் பின்சுவரில் ஓர் ஓட்டை போட்டான். அதன் வழியாக வெளியே வந்து, குளியலறைப் பக்கம் வளைந்து, சரளைக் கல்லில் நடந்து மறுபடி வாசலுக்கு வந்துவிடலாம். ஓட்டையை எங்கே போடுவது என்று அவன் யோசிக்கவே இல்லை. போன மாதம் அந்தச் சுவரில் ஓட்டை இருந்த இடத்திலேயே போட்டான்.

தொலைபேசி அடித்தது. காண்டீபன். ஆபீஸில் பக்கத்து மேசை.

“டேய், கார்டு உசுரோட இருக்கா, இல்ல வறுத்துச் சாப்பிட்டியா?”

“ஓடுதுலா. காண்டீபா, இந்தக் கார்டு நிழல் போடுமா?”

“நிழலா? அதுக்கு அவ்வளவு புத்தி இருந்தா பாஸ் உன்னையும் என்னையும் எதுக்குடா வச்சிருக்காரு? சூடு ஓவர். ஒரு படி இறக்கு. திங்கக்கிழமை ஆளுங்க முன்னால மானத்த வாங்கிடாதே.”

“சரி, சரி.”

“அம்மா எப்படி இருக்காங்க?”

“அப்படியேதான். எந்திரிக்க முடியல.”

வைத்துவிட்டு ஒரு படி இறக்கினான். சுற்று மெதுவானது. கார்டு ஒரு படத்தை வரைந்து முடித்தால் பார்வை ஓர் அடி முன்னே போகும்; அவன் எழுதியது அப்படி. கறுப்பு போகவில்லை. அடுத்த சுற்றில் அது வாசற்படியில் கிடந்தது.

“வசந்தா.” கூடத்துக் கட்டிலிலிருந்து அம்மா பெரியநாயகியின் குரல். வாதத்தில் இடதுபக்கம் விழுந்ததிலிருந்து வார்த்தை வாய்க்குள் கொஞ்சம் உருண்டுதான் வரும். “வெளிய யாருய்யா நடக்கிறது?”

“யாரும் இல்லம்மா. ஜெரெபுல எவன் வருவான்?”

“கல்லு சத்தம் கேக்குது.”

விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டான். பக்கவாட்டில், குளியலறைப் பக்கமிருந்து, சரளையில் கால் வைத்து எடுக்கிற சத்தம். அவசரமில்லாமல். நாய் இல்லை, கோழி இல்லை. கனமான ஆள். கதவைத் திறந்தான். புகை. வாசற்படி, அதன்மேல் அவனுடைய செருப்பு, பக்கத்தில் நிறுத்திய கார், அவ்வளவுதான். சத்தம் அவனைத் தாண்டி உள்ளே போனது. கூடத்து ஓட்டின்மேல் வெறுங்கால் பதிந்து பிரிகிற சின்ன ஓசை, அம்மாவின் கட்டிலை ஒட்டி, பூட்டிய அறைவரைக்கும். அங்கே இல்லாமல் போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குளியலறைப் பக்கம்.

அப்பா சிவசாமி அந்த அறையில்தான் செத்தார். நட்சத்திரம் அவிட்டம். குருக்கள் அடைப்பு என்றார். அந்த நட்சத்திரத்தில் போகிற உயிர் தனியாகப் போகாது, வீட்டில் இன்னொருவரைத் தேடி வரும். அதனால் பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. சம்மட்டி கொண்டுவந்து பின்சுவரை உடைத்து, அந்த ஓட்டை வழியாகத் தலைப்பக்கம் பாடையைப் பிடித்து வெளியே கொண்டுபோனவர்களில் வசந்தனும் ஒருவன். எடுத்த கையோடு செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். திரும்பி வருகிற உயிர் தான் போன இடத்தில் வெறும் சுவரைப் பார்க்கும். வாசல் அதற்குத் தெரியாது. அறையைப் பூட்டி, தினமும் சாயந்திரம் அவன் மட்டும் திறந்து விளக்கு வைத்துவிட்டு வந்தான். இதையெல்லாம் அவன் ஒழுங்காகச் செய்தான். ஆபீஸில் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். வீட்டில் ஒழுங்காகச் செய்தான்.

மேசைக்கு ஓடினான். திரையில் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரின் ஓட்டையிலிருந்து வெளியே. குளியலறை. சரளை. வாசல். கூடம். அறை. ஓட்டை. காலையிலிருந்து எத்தனை தடவை! கண் தெரியாதவனைக் கைப்பிடித்து அழைத்துப்போவதுபோல, போன இடத்திலிருந்து வாசலுக்கு, போன இடத்திலிருந்து வாசலுக்கு. இப்போது கறுப்பு பார்வைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வழி தெரிந்துவிட்டது.

நிறுத்துகிற பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. எல்லாப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினான். சுற்று ஓடியது.

“அது அவரு நடைதான்யா,” என்றாள் அம்மா. குரலில் பயம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. “எங்க போனாலும் என்னைய விட்டுட்டுப் போக மாட்டாரு. பாசாருக்குக் காய் வாங்கப் போறதுன்னாலும், கெளம்பு கெளம்புன்னு வாசல்லேயே நிப்பாரு. ஒரு பொட்டு வைக்க விடமாட்டாரு மனுசன்.”

“அம்மா, பேசாம இரும்மா.”

“வீடு தெரியக் கூடாதுன்னுதானே சுவத்த ஒடச்சீங்க. யாருய்யா வழி காட்டுனது?”

அவன் மவுஸைப் பிடித்தான்.

வேகத்தை மாற்றும் கட்டம் மட்டும் இன்னும் அசைந்தது. அதைக் கீழே இழுக்கலாம் என்று முதலில் நினைத்தான். இழுத்தால் மெதுவாக வரும், ஆனால் வரும். மேலே இழுத்தால்? அளவு மீறினால் எந்தக் கார்டும் நின்றுபோகும். பொட்டுத் தெறிக்கும், படம் கிழியும், திரை உறைந்துபோகும். காலையிலிருந்து எது நடக்கக் கூடாது என்று காத்திருந்தானோ, அதுதான் இப்போது வேண்டும்.

ஏற்றினான். சுற்று வேகமானது. வெளியே சரளைச் சத்தமும் வேகமானது. ஒரு பொட்டு இல்லை. இன்னும் ஏற்றினான். படம் முன்னைவிடத் துல்லியமாக இருந்தது. அவன் வரையாத ஓட்டின் கீறல்கள்கூடத் தெரிந்தன, கட்டில் தெரிந்தது, கட்டிலில் போர்வை தெரிந்தது. கடைசிவரைக்கும் ஏற்றினான். கார்டிலிருந்து பிளாஸ்டிக் தீய்கிற வாடை. சுற்று நிற்கவில்லை. இப்படி ஓடுகிற கார்டை அவன் பார்த்ததே இல்லை.

சத்தம் இப்போது நடை இல்லை. ஓட்டம்.

சரளை. படி. கூடம். சரளை. படி. கூடம்.

பிளக்கைப் பிடுங்கினான்.

திரை அணைந்தது. உள்ளே சுழன்ற சின்ன விசிறி முனகி அடங்கியது. அந்த அமைதியில் ஒரு மூச்சு விட்டான்.

சரளை. படி. கூடம்.

அதே வேகத்தில். அவன் கடைசியாக விட்ட வேகத்தில்.

மறுபடி பிளக்கைச் செருகினான். மெதுவாக்க வேண்டும், அதையாவது செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு தடவை கீச்சென்றது. திரை வரவில்லை. கார்டின் நடுவில் கறுப்பு வட்டம். எரிந்துவிட்டது. இனி ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

காண்டீபனைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்வது?

அம்மாவைத் தூக்கினான். காரில் போட்டுக்கொண்டு மலாக்காவுக்குப் போய்விடலாம், அக்கா வீட்டுக்கு, கோயிலுக்கு, ஆள் இருக்கிற எங்கேயாவது. அவள் லேசாக இருந்தாள், தலையணை மாதிரி. குழந்தையைப்போல அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வாசலுக்குப் போனான். சரளை. படி. அவன் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் அது நுழைந்தது. முகத்தில் காற்று. மண் வாடை, நனைந்த மண், அதில் வாடிய சாமந்தி. சுவர்மேல் மோதினான். கை காலியாக இருந்தது.

அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

கூடத்தின் நடுவில், தன் இரண்டு காலில். செத்துப்போன இடதுகை முன்னே நீண்டிருந்தது, யாரோ மணிக்கட்டைப் பிடித்திருப்பதுபோல.

“பொட்டு வைக்கலியே,” என்றாள். யாரிடமோ. வெட்கத்தோடு சிரித்தாள்.

பிறகு ஓடினாள். ஓட முடியாத உடம்பு ஓடியது. இடதுபாதம் மடங்கி, புறங்கால் ஓட்டில் தேய்ந்துகொண்டே ஓடியது. “அம்மா!” பின்னாலேயே போனான். அறைக் கதவின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. அவள் கூடத்தில் இல்லை. சாவி. இடுப்பில் இருந்தது. பூட்டில் நுழையவில்லை. நுழைந்தது. திறந்தான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை.

பின்சுவரில் புதுப்பூச்சு. சாம்பல் நிறம், கதவளவுக்கு. ஒரு கீறல் இல்லை. அதன் நடுவில், இடுப்பு உயரத்தில், அம்மாவின் சேலை வெளியே தொங்கியது. நீலச் சேலை. பூச்சுக்குள்ளிருந்து வருகிறது, வந்து தரையில் கிடக்கிறது. தரையில் கிடந்தது நகர்ந்தது. சாண் சாணாக, அவசரமாக, சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது.

பிடித்தான். இரண்டு கையாலும். சுவரில் காலை ஊன்றி இழுத்தான். துணி நிற்கவில்லை. கொஞ்சம்கூட மெதுவாகவில்லை. உள்ளங்கையை எரித்துக்கொண்டு வழுகியது.

குளியலறைப் பக்கம் கல் சத்தம். அது நெருங்கியது.

முன்னால் ஒன்று. ஒட்டியபடியே இன்னொன்று, ஒரு பாதம் தேய்ந்துகொண்டு.

சரளை. படி. கூடம்.

அறை வாசலில் நின்றது.

அவன் திரும்பவில்லை. முந்தானையின் கடைசி முழம் அவன் விரல்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் அம்மாவின் குரல், இப்போது உருளாமல், தெளிவாக.

“கெளம்புய்யா. அப்பா நிக்கிறாரு பாரு.”

அவனுடைய வலதுகால் தானாக எழுந்தது.