பெரு நாட்டுப் பூச்சியின் காணாமல் போன வயிறு

உடல் மேசையில் கிடந்தது.

வயிறு இல்லை...

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரு பூச்சிக் காட்சியகத்தின் காவலாளி புவனேந்திரன் குனிந்து பார்த்தார்.

"ஆர் பிள்ளை வெட்டினது?"

"நான்தான் அண்ணை," என்றாள் ஆய்வாளர் சயந்தினி.

"அப்ப பொலிஸ் எதுக்கு? நானே உம்மைப் பிடிச்சுக் குடுக்கிறன்."

"பகிடி விடாதேங்கோ. வெட்டின வயித்தைக் காணேல்லை."

இறந்தது பெரு நாட்டுப் பட்டு அந்துப்பூச்சி. உள்ளங்கை அகலம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே காட்சியகத்தின் டாக்டர் நரேஷ் 'புதிய இனம்' என்று பெயர் சூட்டி, விருது வாங்கி, விருதோடு போட்டோவும் எடுத்துக்கொண்ட பூச்சி.

சிறகின் நிறத்தை மட்டும் பார்த்து வைத்த பெயர்.

இந்தப் பூச்சிக் குடும்பத்தில் சிறகு பொய் சொல்லும். ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கும் உறுப்புதான் உண்மை பேசும். அதைப் பார்க்கத்தான் சயந்தினி நேற்று வயிற்றை வெட்டி, சதையைக் கரைக்கும் காரக் கரைசலில், சின்னக் குப்பியில் ஊறப் போட்டிருந்தாள்.

உறுப்பு பழைய இனத்தினுடையது போலவே இருந்தால் டாக்டரின் இனம் காலி. அதை நிரூபித்தால்தான் அவள் வேலை நீளும். ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பதினொரு மணிக்கு இயக்குநரைச் சந்திக்க டெர்மின்.

மணி பத்தே முக்கால்.

குப்பியைக் காணோம்!

கதவு திறந்தது. டாக்டர் நரேஷ்.

"ஸாரி சயந்தினி. எவிடென்ஸ் இல்லாம சயின்ஸ் இல்ல. ஃபேர்வெல் கேக் என் செலவு."

சொல்லிக்கொண்டே இடுப்பைச் சொறிந்தார். மறுபடி சொறிந்தார்...

"என்ன டொக்டர், கடிக்குதோ?" என்றார் புவனேந்திரன்.

"அலர்ஜி."

"அலர்ஜி கோட்டையுமோ தின்னும்?"

கம்பளிக் கோட்டின் பை நனைந்து, நூல் நூலாகக் கழன்று தொங்கியது.

டக்...

குப்பி தரையில் உருண்டது.

சயந்தினி குனிந்து எடுத்தாள். "காரம் கம்பளியைக் கரைக்கும், டொக்டர். இந்த மூடியள் எல்லாம் ஒழுகும். ஒரு வயித்தையாவது நீங்களே ஊறப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பதினொரு மணி. சாட்சிக்குப் புவனேந்திரனும் வந்திருந்தார்.

இயக்குநர் லோரென்ஸ் அம்மையார் நுண்ணோக்கியில் கண் வைத்தார். பக்கத்தில் பழைய இனத்தின் படம்.

அச்சு அசல்.

"இரண்டும் ஒன்றுதான்," என்றார் ஜெர்மனில். "டாக்டர் பெயர் வைத்த மற்றப் பதினொரு இனங்களையும் சயந்தினி சோதிக்கட்டும். மூன்று வருட ஒப்பந்தம்."

பேனாவைத் திறந்தார்.

நரேஷ் தொண்டையைச் செருமினார். அவரும் ஜெர்மனுக்கு மாறினார்.

"மேடம்... அதில் ஏழாவது இனத்துக்கு உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறேன்."

பேனா நின்றது.



புவனேந்திரன் அம்மையாரின் பக்கம் சாய்ந்தார். ஜெர்மனில்தான் சொன்னார். அவருடைய தமிழில் இப்படி வரும்:

"நீங்கள் ரெண்டு வருஷத்தில பென்ஷன் எடுக்கிறியள்தானே, மேடம்? ஏழாவதைப் பிள்ளை மூண்டாம் வருஷம் பாக்கட்டும்."

பேனா ஓடியது.

விஞ்ஞானத்துக்கு அப்படியென்ன அவசரம்?