அரை டிக்கெட்

செங்கல் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பும் பூசிய டிக்கெட் ஜன்னலிலிருந்து வெற்றிலை வாசம் வந்தது.

ஏழு மாத வயிற்றுக்கு எந்த வாசமும் கூடுதலாகத்தான் தெரியும் என்று ஷைமா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். தண்டவாளம் பெயர்த்துப் பத்து வருஷமான அந்தப் பழைய ஸ்டேஷனைப் பூங்காவும் படிப்பகமுமாக மாற்ற வரைபடம் போட்டவள் அவள்தான். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமலே போய், இது மூன்றாவது. வீட்டில் இரு என்று புருஷன் யாசீன் எவ்வளவோ கெஞ்சினான். கேட்டால்தானே!

கொத்தனார் அழகுபாண்டிக்கு அவள் வயிறு தினமும் ஒரு வேடிக்கை. காலையில்கூட, "வாங்க மேடம், ஒண்ணரை டிக்கெட்டு!" என்றுதான் வரவேற்றார்.

இப்போது உச்சி வெயில். ஆட்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். உத்தரத்தில் ஓயாமல் குமுறும் புறாக்கள் எப்போது அடங்கின என்று தெரியவில்லை. ஈரச் சுண்ணாம்பும் துருவும் மணக்கும் கூடத்தில், டேப்பை நீட்டி அந்த ஜன்னலை அளந்துகொண்டிருந்தவளின் முகத்துக்கு நேரே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"எம்புட்டு டிக்கெட்டு?"

அழகுபாண்டியின் சேட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று குரலை மாற்றுகிறார். ஷைமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் எங்கயும் போகலண்ணே. அரை டிக்கெட்டு மட்டும் போடுங்க."

டக். தேதி குத்துகிற சத்தம்.

"மேடம், சாப்பிட வரலையா?" வெளியே, தூரத்து வேப்பமரத்தடியிலிருந்து, வாய் நிறையச் சோற்றோடு அழகுபாண்டி கூப்பிட்டார்.

ஷைமா டேப்பை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

ஜன்னலுக்குக் கீழே கல் பலகையில் ஓர் அட்டை டிக்கெட். குறுக்கே வெட்டிய அரை. இன்றைய தேதி. மை காயவில்லை.

"வேணாம்ண்ணே! வெளாட்டுக்குச் சொன்னேன். அல்லாவே, திருப்பி எடுத்துக்கங்க!" டிக்கெட்டைச் சுவரில் வைத்து அழுத்தினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. நகம் பெயர்ந்தது. உள்ளே வெறும் செங்கல்.

வயிற்றைத் தொட்டாள். காலையிலிருந்து உதைத்துக்கொண்டே இருந்த பிள்ளை.

"தங்கம், ஒருக்கா உதை."

இல்லை.

"ஒரே ஒருக்கா."

இல்லை.

தண்டவாளம் இல்லாத வெளியில் விசில் ஊதியது.

குனிந்தாள். தரைத் தூசியில் ஈரமான காலடிகள். கட்டைவிரல் அளவுகூட இல்லை. அவள் காலடியில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பிளாட்பாரத்தின் விளிம்புவரை போயிருந்தன.