இருவாட்சி வந்த வீடு

செவ்வாய்க் குடியேற்றத்தின் நூற்று நாற்பதாம் ஆண்டு, ஆவணி முதல் தேதியன்று, மனித குலம் போட்டி, பொறாமை என்னும் ஆதி நோய்களிலிருந்து நிரந்தர விடுதலை பெற்றது. அந்த விடுதலையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால் பெற்றுவிட வேண்டும் என்று காலை நான்கு மணிக்கே வரிசையில் துண்டு போட்டு வைத்திருந்தார்கள்.

விடுதலையின் பெயர் கானுலா. குடும்பத்தில் எல்லோரும் ஆளுக்கொரு உணர்தொப்பியை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தால் போதும். உலோகக் கூரைக்கு அடியில், பூமியிலிருந்த பொதிகை மலைக்காடு விரியும். ஓடையில் கால் நனைக்கலாம். பாசி படிந்த பாறையைத் தடவிப் பார்க்கலாம். மதிப்பெண் கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது: 'எதையும் எதிர்பாராமல் உலவும் குடும்பத்தைத் தேடி இருவாட்சிப் பறவை வரும்.'

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

மூன்றே மாதத்தில், இருவாட்சி வந்த வீடுகளுக்கு மாதாமாதம் பாராட்டு விழா நடத்துவது அடுக்ககத்தின் வழக்கமாகிவிட்டது. பொதுக்கூடத்தில் மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை, பாசிமாவில் கிளறிய கேசரி.

மூச்சுக்காற்றுக் குழாய்களின் மேற்பார்வையாளர் மருதவாணன் ஒவ்வொரு மாதமும் அந்தக் கேசரியைத் தின்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

"வாணன் சார், இன்னுமா வரல?" என்று எதிர்வீட்டு அடைக்கலராஜ், மின்தூக்கியில் ஆறு பேர் முன்னிலையில் கேட்டார். "எங்க வீட்டுக்கு ரெண்டு தடவ வந்துருச்சு. சும்மா இருந்தாலே தானா வரும் சார். உங்களுக்கு டென்ஷன் ஜாஸ்தி."

"நேத்து வந்துருச்சே" என்று மருதவாணனின் வாய் சொல்லிவிட்டது.

மின்தூக்கி தரைத்தளத்தைத் தொடுவதற்குள், வெள்ளிக்கிழமை விழாவில் அவர் பெயர் சேர்ந்துவிட்டது. மேடையில் குடும்பத்தோடு நிற்க வேண்டும். பதினொரு வயது மகள் மகிழினிக்கோ பொய் சொல்ல வராது. நாலு பேர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதற்குள் பறவை வந்துவிட்டால், சொன்னது பொய்யாகாது. தேதி மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆன உண்மை.

அட்டவணை போட்டார். காலை ஐந்தரை முதல் ஏழு வரை அமைதி. மாலை ஆறு முதல் எட்டு வரை எதையும் எதிர்பாராதிருத்தல். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு.

"பூங்கோத, இப்ப நீ என்ன நெனச்சிட்டிருக்க?" என்றார் மனைவியிடம், நடுக்காட்டில்.

"இட்லி மாவு புளிச்சிருக்கும்னு நெனச்சேன்."

"அதான் வரமாட்டேங்குது. ஒண்ணும் நெனைக்காத."

"நீங்க அர மணி நேரமா அந்த மரத்தயே மொறச்சுட்டிருக்கீங்க. நான் பறவையா இருந்தா இந்தப் பக்கமே தல வச்சுப் படுக்க மாட்டேன்."

மகிழினி ஓடையோரம் குப்புறப் படுத்துக் கிடந்தாள். "அப்பா, இங்க வாங்களேன். நண்டு குழி தோண்டுது."

"நண்டெல்லாம் எல்லார் வீட்டுக்கும் வரும்மா. மேல பாரு."

மேலே ஐந்து நாளும் இலைகள்தாம் இருந்தன.

வெள்ளிக்கிழமை விழாவுக்குச் சிறப்பு விருந்தினர், கானுலாவை வடிவமைத்த குழுவின் தலைவி தில்லைநாயகி. முன்வரிசையில் கையில் ஒரு தாளை வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

"நான் என்னப்பா சொல்லணும்?" என்று மகிழினி மேடையில் காதோரம் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லாத. சிரிச்சிட்டு நில்லு, போதும்."

மருதவாணன் பேசினார். அழுத்தக்குழாய் திறந்துகொண்டது போல இறக்கை ஓசை கேட்டதைச் சொன்னார். பறவை தம் தோளில் வந்தமர்ந்ததையும், தலையைச் சாய்த்துத் தம்மை ஒரு பார்வை பார்த்ததையும், அந்த நொடியில் தமக்குள் ஆசை என்பதே அற்றுப்போனதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது.

"கரெக்ட்" என்றார் கீழேயிருந்து அடைக்கலராஜ். "அப்படித்தான் சாய்க்கும். எங்க வீட்ல இடப்பக்கமா சாய்ச்சுது." பின்வரிசைகளில் பல தலைகள் ஆடின. பொன்னாடை போர்த்தினார்கள். மகிழினி சொன்னபடி சிரித்தாள். கண்டம் தாண்டியாயிற்று என்று மருதவாணன் மூச்சுவிட்டார்.

தில்லைநாயகி ஒலிபெருக்கியைப் பிடித்தார். கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்து, மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் இவ்வளவு ரசிக்கிறீங்க, ரொம்ப சந்தோஷம். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். இருவாட்சிக்கு இறக்கை இன்னும் சரியா அமையல. அதனால விளையாட்டுல அத இதுவரைக்கும் சேர்க்கல. கையேடு முன்னாடியே அச்சாயிடுச்சு. தை மாசம் கண்டிப்பா சேர்த்துடுவோம்."

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்த அடுக்ககத்தில் மொத்தம் எழுபத்து மூன்று வீடுகள். எழுபத்து மூன்றுக்கும் இருவாட்சி வந்திருந்தது.