நூற்றுப் பதினேழாம் வில்லை

ணங்... ணங்... ணங்.

சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயிலிருந்துதான் வந்தது அந்தச் சத்தம். நாகையா கையிலிருந்த காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"ஆரம்பிச்சிருச்சு லா," என்றாள் அவர் மனைவி இராஜம்மா, பாசார் கூடையைத் தூக்கிக்கொண்டே. "காத்து அடைச்சிருக்குன்னு பைப்புக்காரன் ரெண்டு தடவ வந்து பார்த்துட்டுப் போயிட்டான். நீங்க என்னடான்னா பேயப் பார்த்த மாதிரி முழிக்கிறீங்க."

"காத்துதான்."

"காத்துன்னா சட்டைய மாத்துங்க. பேயின்னா நான் வர்ற வரைக்கும் உக்கார வச்சுப் பேசிக்கிட்டு இருங்க. மழைக்கு முன்னாடி மீன் வாங்கிட்டு வந்துர்றேன்."

கேட் கிறீச்சிட்டு மூடியது. பிரிக்பீல்ட்ஸ் தெருவில் பகல் இரண்டு மணியின் சோம்பல். எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ணங்... ணங்... ணங்.

மூன்று தட்டு. ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. மறுபடியும் மூன்று தட்டு. காற்றுக்குக் கணக்குத் தெரியுமா?

ஆறு நாட்களாக இப்படித்தான். சரியாகச் சொன்னால், போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்த நாளிலிருந்து.

அந்த ஞாயிறு மலரில் 'இப்படியும் சேர்க்கிறார்கள்!' என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை. கிள்ளானில் தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர், செமினியில் சோடா மூடி சேர்ப்பவர், பழைய பஸ் டிக்கெட்டை நம்பர் வாரியாக ஒட்டி வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர். எல்லோருக்கும் நடுவில், பெரிய படத்தோடு நாகையா. அவர் சேர்ப்பது பித்தளை வில்லைகள். பஸ் கண்டக்டர் நெஞ்சில் குத்தியது, ரயில்வே கூலியின் கையில் கட்டியது, சைக்கிள் லைசென்ஸ், நாய் லைசென்ஸ், தோட்டத்து ஆள் நம்பர் என்று அறுநூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் பச்சைத் துணி போர்த்திய பலகையில் ஆணியடித்து, கண்ணாடிக் கதவு போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

பத்திரிகைப் படத்தை அவர் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

பலகையின் நடு ஆணியில் தொங்கியது நூற்றுப் பதினேழு.

அதை அவர் ஒரு நாளும் பலகையில் மாட்டியதில்லை. பதினேழு வருஷமாக அது கைக்குட்டையில் சுற்றி, பிஸ்கட் டின்னில், அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. எத்தனையோ முறை தூக்கி எறிந்துவிட நினைத்ததுண்டு. எறிய மனம் வரவில்லை. யானை முத்திரை போட்ட, உலகச் சண்டைக்கு முந்திய வில்லை அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது. சேர்ப்பவனைப் பிடித்த நோய் அது.

ஓடிப்போய் டின்னைத் திறந்தார். கைக்குட்டை மட்டும் இருந்தது.

அன்றைக்கு வில்லையைக் கழற்றி மறுபடி டின்னில் வைத்தார். மறுநாள் காலை அது பலகையில் தொங்கியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. துடைத்துப் பளபளவென்று வைத்தாலும், எடுக்கும்போது ஈரமாக இருந்தது. விரலில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியது. அந்தச் சேற்றின் வாடை அவருக்குத் தெரியும்.

ஈயம் தோண்டும் லம்பத்துச் சேறு.

முதல் மழைத்துளி தகரத்தில் விழுந்தது. அதோடு வாசலில் ஒரு குரல்.

"ஐயா! கிராணி ஐயா!"

லம்பத்தில் அவர் கணக்கெழுதிய காலத்துப் பெயர் அது; அப்படி அவரைக் கூப்பிட்டு வருஷம் பதினைந்துக்கு மேல் ஆகிறது.

கதவைத் திறந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வெயிலில் கருத்த கை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மார்போடு அணைத்த பிளாஸ்டிக் பைக்குள் மடித்த பத்திரிகை.

"காப்பார்லேருந்து வரேங்க. பேப்பர்ல போட்டிருக்கிற ஊரு, தெருப் பேர வச்சு விசாரிச்சு வந்தேன். என்னைத் தெரியுதுங்களா? பவுனம்மா. அம்பாங் லம்பத்துல பம்புல வேலை செஞ்ச பக்கிரிசாமி சம்சாரம்."

நாகையாவுக்குத் தெரியாமல் இல்லை. கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்கம்மா," என்றார்.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கண் நேராகப் பலகைக்குப் போனது. எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்பக்கமாகத் தண்ணீர் முத்து முத்தாக வழிந்துகொண்டிருந்தது.

"இதான். எத்தன தடவ புளி போட்டு நானே வெளக்கிக் குடுத்திருக்கேன்." திரும்பி அவரைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஐயா, எம் மக புஷ்பவல்லிக்குக் கல்யாணம். மாப்பிள்ள செமினி. கார்டு அடிக்கக் குடுக்கணும். அப்பா பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற'ன்னு போடுறதா, வேணாமான்னு சம்பந்தி வீட்டுல கேக்குறாங்க. நான் என்னத்த சொல்ல? 'ஓடிப்போன'ன்னு கார்டுல போட முடியுமா?"

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"பொட்டு வைக்கிறதா, அழிக்கிறதா? மணவறையில நிக்கிறதா, ஒதுங்குறதா? ஒரு பிடி சோறு அவருக்குப் படைச்சதில்ல. உசுரோட இருக்கிறவருக்குப் படைச்சா பாவமில்லீங்களா? மண்ணு சரிஞ்ச அன்னிக்கு அவரு வில்லை பலகையில இல்ல, அதனால அவரு முன்னாடியே வெளிய போயிட்டாருன்னு சொன்னீங்க. வெள்ளிக்கிழம காலையில நான் வந்தப்ப, உள்ளயே விடாம கேட் வாசல்லயே நிறுத்தி, நீங்கதான் சொன்னீங்க. வில்லைய எடுத்துக்கிட்டுப் போனவரு... அது எப்படிங்க ஐயா உங்க கையில?"

ணங்... ணங்... ணங்.

பவுனம்மாள் சட்டென்று சுவரைப் பார்த்தாள்.

"அது என்னங்க?"

"பைப்பு. காத்து அடைச்சிருக்கு."

அவள் உதட்டில் விரல் வைத்து, காது கொடுத்துக் கேட்டாள். மழை வலுத்தது.

"அவரும் இப்படித்தான் தட்டுவாரு," என்றாள் மெல்ல. "சேத்தோட வீட்டுக்குள்ள வர மாட்டாரு. லைன் வீட்டு வாசல்ல நின்னு தண்ணிக் குழாய்ல ஸ்பானரால மூணு தட்டு. நான் சவுக்காரம் கொண்டு போகணும். போற வரைக்கும் தட்டிக்கிட்டே இருப்பாரு. பொறுமையே கெடையாது."

நாகையா ஜன்னலைத் திறந்துவிட்டார். வீட்டுக்குள் சேற்று வாடை கனத்தது.

மறைத்தது போதும் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றியது. பாதியாவது.

"சொல்றேம்மா. உக்காருங்க."

சொன்னார். லம்பத்தில் எல்லோருக்கும் நம்பர் போட்ட வில்லை உண்டு. குழிக்குள் இறங்குகிறவன் கிராணியின் கொட்டகைப் பலகையில் அதை மாட்டிவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். பலகையில் வில்லை இருந்தால் ஆள் உள்ளே. ஆணி காலியாக இருந்தால் ஆள் வெளியே. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் கிராணி.

பழைய வில்லைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, புதுசு வந்துகொண்டிருந்த சமயம். யானை முத்திரையோடு மிஞ்சியது நூற்றுப் பதினேழு ஒன்றுதான். நாகையா அதே நம்பரில் புதுசு ஒன்று அடிக்கச் செய்து மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார். வியாழக்கிழமை பகல், கொட்டகையில் யாரும் இல்லாத நேரம், பழசைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். புதுசை மாட்ட இழுப்பறைச் சாவியைத் தேடினார். சாவி முதலாளி தவுக்கேயின் அறையில் இருந்தது. எடுக்கப் போனார்.

பத்து அடி வைத்திருப்பார். தரை அதிர்ந்தது. குழியின் மேற்குக் கரை அப்படியே வழுக்கி இறங்கியது.

ஆட்களை மேய்க்கும் மண்டோர் தம்புசாமி ஓடி வந்து பலகையை எண்ணினார். பதின்மூன்று வில்லை. வெளியே சேற்றோடு ஏறி நின்றவர்கள் பதின்மூன்று பேர். "எல்லாம் ஏறிட்டாங்க! மாரியாத்தா காப்பாத்திட்டா!" என்று கத்தினார். பம்புக்காரன் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, காலையிலேயே வயிற்று வலி என்றானே, அரை நாளில் போயிருப்பான், ஆணிதான் காலியாக இருக்கிறதே என்றார்கள். தவுக்கே மூன்று நாள் லம்பத்தை மூடிவிட்டார். எஞ்சின்கள் நின்றன. ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். ரிப்போர்ட் எழுதக் கிராணி மட்டும் கொட்டகையில்.

"வியாழக்கிழம ராத்திரி வீட்டுல சட்டையக் கழட்டுறப்பதாம்மா பார்த்தேன், பழைய வில்லை பையில இருக்கிறத. புதுசு மாட்டவே இல்லங்கிறது அப்பதான் உறைச்சுது. வேல போயிரும், போலீசு வரும்னு பயந்துட்டேன். வெள்ளிக்கிழம நீங்க வந்தப்ப தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். என்னை மன்னிக்கவே வேணாம்."

பவுனம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஓடிப்போகல," என்றாள். "அவரு ஓடிப்போகல. ஐயோ, என்னவெல்லாம் பேசினேன் அவர! சிங்கப்பூர்ல எவளோ இருக்கான்னு ஊரு சொன்னத நானும் நம்பினேனே!"

அந்த அழுகையைப் பார்க்க முடியாமல் நாகையா ஆறுதலாக ஒன்று சொன்னார்.

"மண்ணு விழுந்த அந்த நிமிஷமே போயிருப்பாரும்மா. வலியே தெரிஞ்சிருக்காது."

ணங்.

ஒரே ஒரு தட்டு. சுவர் அதிர்ந்தது. பலகையில் அறுநூற்றுச் சொச்சம் வில்லைகளும் கலகலவென்று ஆடி நின்றன.

பிறகு சத்தமே இல்லை. ஆறு நாளில் முதல் முறையாகக் குழாய் வாயை மூடிக்கொண்டது. மழைகூட நின்றுவிட்டது போலிருந்தது.

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அமைதி.

அடுக்களையில் குழாய் தானாகத் திறந்துகொண்டது. தண்ணீர் விழும் ஓசை இல்லை. கனமாக, கூழாக, ஏதோ தொப் தொப்பென்று தொட்டியில் விழுந்தது. கூடத்திலிருந்தே நாகையாவுக்குத் தெரிந்தது, சாம்பல் நிறத்தில் அது தொட்டி விளிம்பைத் தாண்டி வழிவது.

பவுனம்மாள் அதைக் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் எடுத்தாள். முகத்தில் பதினேழு வருஷத்துக்குப் பிறகு வந்த ஒரு தெளிவு.

"கல்யாணத்துக்கு முன்னாடி திதி குடுத்துரணும். கோயில் பண்டாரத்துக்கிட்டச் சொன்னா பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லுவாரு. உசுரு போன நாளு தப்பாச் சொல்லிட்டா, படைக்கிறது அவருக்குப் போய்ச் சேராதாம். எழுபத்திரண்டு, ஆடி மாசம்..." அவள் எழுத்துக் கூட்டி எழுதினாள். "வியாழக்கிழம. மணி ரெண்டரை இருக்குங்களா ஐயா?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். அவள் நன்றி சொல்லிவிட்டுக்கூடப் போய்விடுவாள். கார்டு அடிப்பாள். மகளுக்கு நல்லபடியாகக் கல்யாணம் நடக்கும். அவர் திருடியது ஒரு வில்லை, சொன்னது ஒரு பொய் என்று உலகம் முடித்துக்கொள்ளும்.

லம்பத்தின் அடியில் இருந்த பம்புக் கொட்டகையிலிருந்து, சேற்றை மேலே ஏற்றும் இரும்புக் குழாய் ஒன்று, கிராணியின் கொட்டகைச் சுவரை ஒட்டித்தான் போனது. எஞ்சின் நின்றுபோனால் அந்தக் குழாய் எவ்வளவு தெளிவாகப் பேசும் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

அவர் பின்கழுத்தில் ஈரமான மூச்சு ஒன்று பட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் நீண்டு, அவள் பென்சிலைப் பிடித்தது.

"எழுதாதீங்கம்மா... வியாழக்கிழம இல்ல. சனிக்கிழம மத்தியானம் வரைக்கும் அவரு தட்டிக்கிட்டேதான் இருந்தாரு."