ஆமாம் என்று மட்டும் சொல்லும் வரி

ரொவேனா மாற்றி எழுதிய நிரலை இன்னும் ஓட்டவே இல்லை. அதற்குள் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து உட்கார்ந்திருந்தது: கால்பேக் அழைக்கப்பட்டது, படி 18.

பழைய ஓட்டத்தின் மிச்சமாக இருக்கும் என்று திட்டிக்கொண்டே அதை அழித்தாள். காலையிலிருந்து அவள் எதைத்தான் திட்டவில்லை? இலோய்லோ நகரத்து மழையை, பட்டப்பகலில் விளக்குப் போடவைத்த இருட்டை, பக்கத்து வீட்டில் கருவாடு வறுபடும் நாற்றத்தை, எல்லாவற்றுக்கும் மேலாக இந்தப் பாழாய்ப்போன லைப்ரரியை. கோப்புகளை வலைவழி அனுப்பவும் வாங்கவும் ஊரெல்லாம் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்புதான். ஆனால் எதிர்முனையில் இருப்பது யார் என்று சோதிக்கும் முறையை மாற்ற வேண்டுமென்றால், கால்பேக் என்று ஒரு சிறு நிரல்துண்டை எழுதி அதன் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் நமக்கு வேலை இல்லை. இணைப்பு தொடங்கும்போது லைப்ரரியே அதைக் கூப்பிட்டு, இந்தச் சான்றிதழை நம்பலாமா என்று கேட்டுக்கொள்ளும். ஆமாம், இல்லை. பதில் இரண்டில் ஒன்று.

கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனிக்காக அவள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். கப்பலில் இருக்கும் தகவல்தொடர்புப் பெட்டியோடு இணைந்து தகவல்களை இறக்குவது அவளுடைய நிரல். 'மரிகிட்' என்ற சரக்குக் கப்பல் புயலுக்குள் போய்ப் பேச்சுமூச்சில்லாமல் இரண்டு நாளாகிறது. அதில் பத்தொன்பது பேர். பெயர்ப்பட்டியலில் கடைசி ஆள், உதவிச் சமையல்காரன் டிண்டோ, அவள் புருஷன்.

இன்று காலையிலிருந்து அந்தப் பெட்டி மட்டும் பதில் சொல்கிறது. அவளுடைய நிரலோ அதன் சான்றிதழை ஏற்கவில்லை. நாற்பத்தொரு முறை முயன்றாள். நாற்பத்தொரு முறையும் 'சரிபார்ப்பு தோல்வி'. கணினியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

சற்று முன்புதான் தன் மேலதிகாரி எட்கரைப் போனில் கூப்பிட்டிருந்தாள். அவள் அவரை மனோங், அண்ணா, என்பாள்; அவர் அவளை இண்டாய், தங்கச்சி, என்பார்.

"மனோங், கப்பல் பதில் சொல்லுது. நாம எழுதினதுதான் கழுத்தை அறுக்குது."

"யாருன்னு தெரியாம உள்ள விட்டுடாத இண்டாய். நமக்கு நாமே ஆப்பு வெச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"உங்களுக்கென்ன மனோங், உங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் கரையில இருக்காங்க."

அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு, இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது செய்துவிட்டு யாரிடமும் ஒப்புக்கொள்ளாத காரியத்தைச் செய்தாள். கால்பேக்குக்குள் இருந்த சோதனைகளையெல்லாம் அழித்துவிட்டு ஒரே வரியை வைத்தாள். யார் என்ன காட்டினாலும், காலாவதியானாலும் பொய்யானாலும், ஆமாம். மேலே வழக்கமான குறிப்பு: 'தற்காலிகம். பிறகு நீக்கவும்.'

அதற்குப் பிறகுதான் திரையில் அந்தப் 'படி 18' வரி தானாக வந்திருந்தது.

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. ஆறு வயது மகள் ஹிராயா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ரொவேனா கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து நிரலை ஓட்டினாள்.

வழக்கமாக இந்தச் சான்றிதழ்ச் சங்கிலியில் இரண்டு மூன்று படிகள்தான் இருக்கும். மேற்படியில் உள்ளவர் கீழ்ப்படியில் உள்ளவருக்கு நான் சாட்சி என்று சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, கடைசியில் பூஜ்யத்தில் நிற்பவரோடுதான் நாம் பேசப்போகிறோம்.

படி 18. ஹெனாரோ அபெல்யானோ, கேப்டன். காலாவதி: நேற்று, பிற்பகல் 3.10. நம்பலாமா? ஆமாம்.

ரொவேனாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சான்றிதழில் மனிதர் பெயரை எந்த மடையன் போட்டான்?

படி 17. முதல் அதிகாரி. காலாவதி: நேற்று, பிற்பகல் 3.10. ஆமாம்.

படி 16. இரண்டாம் அதிகாரி. அதே நாள், அதே மணி. ஆமாம்.

ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. மழை ஓட்டின் மேல் விழும் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தத்தையும் அவள் கேட்டாள், ஈரத் துணியை இரும்பின் மேல் வைத்து இழுப்பது போல, ஒரு வரிக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்டத்தில். கருவாட்டு நாற்றம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. இப்போது டீசலும் உப்பும் கலந்த வாடை அடித்தது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். வலைக் கம்பியைப் பிடுங்கினாள்.

படி 9. ஆமாம்.

படி 8. ஆமாம்.

இரண்டு நாளாக அவள் மனப்பாடம் செய்த பட்டியல் இது. ஒருவர் பிசகவில்லை. வரிசையும் மாறவில்லை.

படி 1. தலைமைச் சமையல்காரர். ஆமாம்.

திரை நின்றது.

படி 0. டிண்டோ சல்வில்யா. காலாவதி: நேற்று, பிற்பகல் 3.10. நம்பலாமா?

ரொவேனா வாய்விட்டு அழுதாள். கால்பேக் பதில் சொல்லாமல் அவளுக்காகக் காத்திருப்பது போலிருந்தது. அந்த ஒரு வரியை 'இல்லை' என்று மாற்ற ஐந்து விநாடி போதும். விரல் விசைக்குப் போனது. நேற்றோடு முடிந்தவன் இன்று எப்படிக் கூப்பிடுவான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவன் அவள் புருஷன். கையை எடுத்துவிட்டாள்.

ஆமாம்.

இணைப்பு நிறுவப்பட்டது.

கோப்பு எதுவும் வரவில்லை. குரல் வரவில்லை. இழுபடும் சத்தமும் நின்றிருந்தது. பிறகு, யாரும் ஓட்டாத நிரலில் புதிதாக ஒரு சங்கிலி.

படி 1. டிண்டோ சல்வில்யா. ஆமாம்.

படி 0. ஹிராயா சல்வில்யா. காலாவதி: இன்று, பிற்பகல் 3.10.

சுவர்க் கடிகாரத்தில் மணி 3.08.

வரியை மாற்றினாள். இல்லை. சேமித்தாள். இல்லை, இல்லை. ஓட்டினாள். கால்பேக்கை யாரும் கூப்பிடவில்லை. கேள்வியெல்லாம் வாசலில்தான். உள்ளே வந்துவிட்டவரை லைப்ரரி மறுபடி கேட்பதில்லை. பத்து வருஷமாக இது அவளுக்குத் தெரியும்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"அப்பா," என்றது தூக்கம் கலையாத குரல். "உன் கை ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

"லாங்கா, என் கண்ணு, இங்க வா! அம்மாகிட்ட வா!"

நாற்காலி சாய்ந்தது. ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

ஹிராயா கட்டிலோரம் நின்றிருந்தாள். வலது கை மேலே உயர்ந்திருந்தது, சந்தைக்குப் போகும்போது டிண்டோவின் விரல்களைப் பிடித்துக்கொள்ளும் அதே உயரத்தில். பக்கத்தில் யாரும் இல்லை. மூடிய சின்ன விரல்களுக்கிடையிலிருந்து தண்ணீர் வழிந்து, மணிக்கட்டில் இறங்கி, முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் குதிகால்கள் மெல்லத் தரையை விட்டு எழும்பின.