தகரக் கூரையில் ஆலங்கட்டி

1987ஆம் ஆண்டு ஜூலை மாதம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் அது குளிர்காலம். ஒனிஹங்காவில் தகரக் கூரை போட்ட ஒரு மரவீட்டில் பத்து வயதுக் கௌரி இருந்தாள். மூன்று வாரங்களுக்கு முன்புதான் அவளுடைய சின்னம்மா சரோஜாதேவியும் சின்னம்மாவின் மகள் ரதியும் போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். ரதிக்கு எட்டு வயது. அதிகம் பேசமாட்டாள்.

அன்று சனிக்கிழமை. ரதி படம் வரைந்துகொண்டிருந்தாள். திடீரென்று கூரை தடதடவென்று அதிர்ந்தது.

ரதி பென்சிலை எறிந்துவிட்டு மேசைக்கடியில் பாய்ந்தாள். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். சமையலறையில் சின்னம்மாவும் கையில் அகப்பையோடு அசையாமல் நின்றார்.

"ஷெல் அடிக்கிறாங்கள், அக்கா" என்றாள் ரதி.

'ஒண்டுமில்லை, வெளியில வா' என்று சொல்லக் கௌரி வாயெடுத்தாள். ரதியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சொன்னவுடன் போகிற பயமாக அது தெரியவில்லை.

அவள் பின்கதவைத் திறந்து கையை நீட்டினாள். சுள் சுள்ளென்று விழுந்தவற்றைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்து, தானும் மேசைக்கடியில் நுழைந்தாள். தலை 'டங்' என்று இடித்தது.

"கையை நீட்டு, ரதி."

"ஐயோ, குளிருது. இதுவோ சத்தம் போட்டது?"

"ஓம். ஆலங்கட்டி. வெறும் தண்ணிதான்."

"தண்ணி எப்பிடிக் கல்லாச்சு?"

போன வாரம் பள்ளிக்கூடத்தில் படித்தது கௌரிக்கு நினைவிருந்தது.

"மேகத்துக்குள்ள ஒரு துளி கீழ விழப் பார்க்கும். காத்து அதை மேல தூக்கிக்கொண்டு போகும். அங்க கடுங்குளிர். உறைஞ்சுபோகும். திரும்ப விழும், காத்துத் திரும்பத் தூக்கும். ஒவ்வொரு தரமும் மேல ஐஸ் ஒட்டும். பாரம் கூடினதும் காத்து விட்டிடும்."

ரதி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"பாவம். நல்லாக் களைச்சிருக்கும்."

கௌரிக்குச் சிரிப்பு வந்தது. கூரைச் சத்தம் குறைந்து மழையாக மாறியது.

"இஞ்ச ஸ்னோ விழாதோ, அக்கா?"

"வாற வழி முழுக்கக் குளிரா இருந்தாத்தான் ஸ்னோவா வந்து சேரும். நடுவில சூடான காத்து வந்தா உருகி மழையாகிடும். உருகினது கீழ வரேக்க திரும்ப உறைஞ்சா, சின்னச் சின்ன ஐஸ் மணியா விழும். சில ஊரில மழையாவே வந்து, குளிர்ந்த மரத்தில பட்டவுடனே கண்ணாடி மாதிரி உறையுமாம். இஞ்ச நிலத்துக்குக் கிட்ட அவ்வளவு குளிரில்லை. அதால மழைதான்."

ரதி யோசித்தாள்.

"அப்ப இந்த மழை மேல ஸ்னோவா இருந்திருக்குமோ?"

"இருந்திருக்கும்."

ரதி மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். மெல்ல நடந்து பின்கதவைத் தாண்டி, முற்றத்தில் முகத்தை நிமிர்த்தி நின்றாள். கௌரியும் பக்கத்தில் போய் நின்றாள்.

"தடிமன் பிடிக்கப்போகுது, உள்ளுக்க வாங்கோ" என்றபடி சின்னம்மா வாசலுக்கு வந்தார்.

"அம்மா, இது உருகின ஸ்னோ" என்றாள் ரதி.

சின்னம்மா ஒரு கணம் மகளையே பார்த்தார். பிறகு அகப்பையை வைத்துவிட்டு, தானும் மழைக்குள் ஒரு கையை நீட்டினார்.